விண்டோஸ் 11இல் எஃப்எஸ்எக்ஸ் அடம்பிடித்தால்: குறி பார்த்துப் பழுது நீக்குதல்

எங்கள் சொந்தத்தில் யாராவது புதுக் கணினி வாங்கினால் அடுத்த கிழமை எனக்கு அழைப்பு வரும். லண்டனிலோ கனடாவிலோ இருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்த பழைய விமான விளையாட்டுத் தட்டு அலுமாரிக்குள் இருந்திருக்கும். அதைப் புதுக் கணினியில் போட்டிருப்பார்கள், அது ஓடியிருக்காது. கொக்குவில் மாமா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மூன்று தடவை ஒரே வசனத்தையே சொன்னார்: "தம்பி, இது பழுதாப் போச்சு. அழிச்சுப்போட்டுத் திருப்பி ஏத்திவிடு."

நான் ஒவ்வொரு முறையும் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "மாமா, ஒண்டையும் அழிக்காதேங்கோ. நான் வந்து பாக்கிறன்." அழித்து மீண்டும் நிறுவ இரண்டு மணித்தியாலம் போகும். பழுது அமைப்புக் கோப்பில் இருந்தால் அது பெரும்பாலும் நிறுவிய இடத்துக்கு வெளியே இருக்கிறது, அழித்தாலும் அங்கேயே கிடக்கும். மீண்டும் நிறுவுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

இங்கே எஃப்எஸ்எக்ஸ் என்று சொல்வது 2006இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். பெட்டியில் இரண்டு டிவிடி இருக்கும். 2014 டிசம்பரில் ஸ்டீமில் வந்த பதிப்பும் அதே விளையாட்டுத்தான். உங்களிடம் இருப்பது நான்கு சிடி என்றால் அது 2003இல் வந்த 2004 பதிப்பு. அதன் கதை வேறு, முதல் தலைப்பிலேயே முடிந்துவிடும்.

குறி 1: நிறுவவே விடுவதில்லை, அல்லது நிறுவிய பின் தட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது

*நான்கு சிடி, 2004 பதிப்பு.* நிறுவும், ஆனால் தொடங்காது. தட்டு உள்ளே இருந்தாலும் இல்லை என்று சொல்லும், அல்லது ஒன்றுமே சொல்லாது. உங்கள் தட்டிலும் டிவிடி டிரைவிலும் பிழையில்லை. அந்தத் தட்டில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவர் விண்டோஸ் 10இலிருந்து கிடையாது. பாதுகாப்பு ஓட்டை என்று 2015 செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8இலும் அதை நிறுத்திவிட்டார்கள். இதற்கு "கிராக்" கோப்பு தேடிப் போகாதீர்கள். அப்படித் தேடிப் போனவர்களின் கணினியில் நான் துடைத்த வைரஸ்கள் போதும். வீட்டில் பழைய எக்ஸ்பி கணினி ஒன்று மூலையில் கிடந்தால் இணையத் தொடர்பில்லாமல் அதில் விளையாடுங்கள். இல்லையென்றால் ஸ்டீமில் எஃப்எஸ்எக்ஸ் வாங்குங்கள். இதற்குக் கடைக்காரரிடம் போய்ப் பயனில்லை.

*"ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே நிறுவலாம்" என்று வருகிறது.* சில புது லப்டொப்புகள் எஸ் மோட் என்ற பூட்டோடு வருகின்றன. செட்டிங்ஸில் அக்டிவேஷன் பகுதிக்குப் போய் இலவசமாக வெளியே வரலாம். வந்தால் திரும்பிப் போக முடியாது, போக வேண்டியும் வராது.

*பாதியில் நிற்கிறது, கோப்பைப் படிக்க முடியவில்லை என்கிறது.* முதலில் தட்டைத் துடையுங்கள்: மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாக அல்ல. பிறகு வேறு டிவிடி டிரைவில் போட்டுப் பாருங்கள். புது லப்டொப்பில் டிரைவே இருக்காது என்பதால் யாரிடமாவது வெளியில் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கத்தான் வேண்டும். இரண்டு டிரைவிலும் ஒரே இடத்தில் நின்றால் தட்டுப் பழுது.

நிறுவும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளையாட்டு தானாகக் காட்டும் புரோகிராம் ஃபைல்ஸ் இடத்தை ஏற்காமல், சி டிரைவில் நேரடியாக எஃப்எஸ்எக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் போடுங்கள். இது தன் சொந்த ஃபோல்டருக்குள் எழுதிப் பழகிய விளையாட்டு. இன்றைய விண்டோஸ் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுத விடாது. பின்னால் மேலதிக விமானங்கள் சேர்க்கும்போது வரும் தலையிடியில் பாதி இந்த ஒரு மாற்றத்தால் போய்விடும்.

நிறுவி முடிந்ததும் ஒரு தடவை தொடங்கி மூடுங்கள். பிறகு சேவைப் பொதி 1 (சர்விஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு), மீண்டும் தொடங்கி மூடுதல், பிறகு சேவைப் பொதி 2. இந்த வரிசை மாறக்கூடாது. அக்செலரேஷன் என்ற எஃப்எஸ்எக்ஸின் மேலதிகத் தட்டு உங்களிடம் இருந்தால் இரண்டு பொதியும் அதற்குள்ளேயே இருக்கின்றன, தனியாகப் போடாதீர்கள். ஸ்டீம் பதிப்புக்கு இது எதுவும் வேண்டாம்.

குறி 2: ஐகனை அழுத்தினால் படம் ஒன்று தோன்றி மறைகிறது

மாமாவின் முதல் முறைப்பாடு இதுதான். இலகுவானதிலிருந்து இப்படிப் போங்கள்.

யாராவது ஐகனின் புரொப்பர்ட்டீஸில் எக்ஸ்பிக்கான பொருந்து நிலையைப் போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். "பழைய விளையாட்டு, பழைய நிலை" என்று நினைத்துப் பலர் போடுகிறார்கள். எஃப்எஸ்எக்ஸுக்கு அது தேவையில்லை, சில வேளை அதுவே குழப்பம். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு என்ற குறியை மட்டும் போடுங்கள்.

அடுத்தது, பிழைப் பெட்டியை வாசியுங்கள். மூடிவிட்டு என்னை அழைக்காதீர்கள், அதில் விடை இருக்கிறது. "சைட் பை சைட்" என்ற சொல் வந்தால் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2005 இன் 32 பிட் பொதி வேண்டும். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்பு இல்லை என்றால் டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் பொதி வேண்டும். இரண்டும் இலவசம், மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்தே எடுங்கள். விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். பழைய ஒன்பதாம் பதிப்பின் இந்தச் சின்னக் கோப்புகள் அதோடு வருவதில்லை.

பிழைப் பெட்டியே வராவிட்டால் எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பைப் பாருங்கள். விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆப்டேட்டா என்ற ஆங்கிலச் சொல்லை, இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு எழுதுங்கள். திறக்கும் ஃபோல்டரில் மைக்ரோசொஃப்ட், அதற்குள் எஃப்எஸ்எக்ஸ். தட்டுப் பதிப்பும் ஸ்டீம் பதிப்பும் ஒரே கணினியில் இருந்தால் ஸ்டீமுடையது எஃப்எஸ்எக்ஸ்-எஸ்இ என்று தனியாக இருக்கும். கோப்பை அழிக்காதீர்கள், பெயருக்குப் பின்னால் "பழையது" என்று சேர்த்துப் பெயரை மாற்றுங்கள். விளையாட்டு மறுபடி தொடங்கும்போது புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த திருத்தங்களுக்குள் அதிக தடவை வேலை செய்தது இதுதான்.

அப்போதும் வரவில்லையா? அதே ஃபோல்டரில் டிஎல்எல்.எக்ஸ்எம்எல் என்று ஒரு கோப்பு இருக்கும். நீங்கள் சேர்த்த மேலதிக விமானங்கள் விளையாட்டோடு தங்களைக் கோர்க்கும் இடம் அது. அதன் பெயரையும் மாற்றுங்கள். இப்போது தொடங்கினால் குற்றவாளி மேலதிகங்களில் ஒன்று. கடைசியாகச் சேர்த்ததைச் சந்தேகப்படுங்கள்.

குறி 3: பறந்துகொண்டிருக்கும்போது திடீரென மூடிவிடுகிறது

எப்போது மூடுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

*மெனுவை அல்லது வலது பொத்தானை அழுத்தும்போது.* ஏழெட்டுத் தடவை மெனுவைத் திறந்து மூடினால் விழுந்துவிடும். யுஐஓட்டோமேஷன்கோர் என்ற கோப்போடு வரும் பழைய சண்டை இது, விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. விஸ்டா காலத்து 32 பிட் கோப்பை எஃப்எஸ்எக்ஸ் ஃபோல்டருக்குள் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் திருத்தம். விண்டோஸின் ஃபோல்டருக்குள் அல்ல, அங்கே கை வைக்காதீர்கள். அந்தக் கோப்பைக் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்காமல் பழைய விஸ்டா கணினி வைத்திருப்பவரிடம் கேட்டு எடுப்பது நல்லது. அதுவரை மெனுவை அடிக்கடி திறக்காமல் கீபோர்டால் ஓட்டிப் பழகுங்கள்.

*நீண்ட பறப்பில், "டிங்" என்று மணி கேட்டுச் சில நிமிடத்தில்.* நினைவகம் தீர்ந்துவிட்டது. உடனே ரேம் வாங்க ஓடாதீர்கள். இது 32 பிட் விளையாட்டு, உங்கள் கணினியில் 32 ஜிபி இருந்தாலும் அது தொடக்கூடியது 4 ஜிபிதான். தெருவில் எத்தனை பவுசர் நின்றாலும் கையில் ஒரு வாளிதான். ஓட்டோஜென் என்ற மரம், வீடு அடுக்கும் அளவைக் குறையுங்கள், பாரமான மேலதிக விமான நிலையங்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். கூடவே, எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜியில் கிராபிக்ஸ் என்ற சதுர அடைப்புத் தலைப்பின் கீழ் ஹைமெம்ஃபிக்ஸ்=1 (HIGHMEMFIX=1) என்ற வரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளியில்லாமல் சேருங்கள். இது மணியை நிறுத்தாது. நினைவகம் நிறையும்போது விமானத்தின் பாகங்கள் கறுப்பாகி மறைவதைத் தடுக்கும்.

*பறப்பை முடிக்கும்போது.* யாழ்ப்பாணத்துக்கு மிகப் பொருத்தமான பழுது. டொக்குமெண்ட்ஸில் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் லொக்புக்.பின் என்று ஒரு கோப்பு. உங்கள் பறப்பு மணித்தியாலங்களை அது எழுதி வைக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கெட்டுவிடும். பிறகு ஒவ்வொரு பறப்பும் முடிகிற நேரத்தில் விளையாட்டு அந்தக் கோப்பில் தடுக்கி விழும். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்த நாட்களில் இந்த ஒரே பழுதுக்காக நான் எத்தனை வீட்டுக்குப் போனேன் என்று கணக்கில்லை. கோப்பின் பெயரை மாற்றினால் சரி. பழைய மணித்தியாலங்கள் போய்விடும். மாமா 400 மணித்தியாலம் வைத்திருந்தார், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆகவே கிழமைக்கு ஒருமுறை அந்தக் கோப்பைப் பென் டிரைவில் பிரதி எடுங்கள். மேசைக் கணினி என்றால் ஒரு யூபிஎஸ் வைத்திருங்கள்.

*எப்போது என்று சொல்லவே முடியவில்லை.* ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடுங்கள். விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். விழுந்த நேரத்துக்குரிய சிவப்புக் குறியைத் திறந்தால் தவறிய மொடியூல் என்று ஒரு பெயர் இருக்கும். கிராபிக்ஸ் கார்ட் கோப்பின் பெயர் என்றால் டிரைவரைப் புதுப்பியுங்கள். மேலதிக விமானத்தின் பெயர் என்றால் அதை எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்து, வேறு விளையாட்டுகளும் விழுந்தால் ரேமைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னோஸ்டிக் இருக்கிறது, இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். அதில் பிழை காட்டினால் கடைக்குப் போகும் நேரம்.

குறி 4: திரை கறுப்பு, அல்லது மவுஸ் ஓரிடம், அழுத்துவது ஓரிடம்

கறுப்புத் திரைக்கு முதலில் ஓல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள். முழுத்திரையிலிருந்து சன்னலுக்கு மாறும். சன்னலில் ஒழுங்காகத் தெரிந்தால் சன்னலிலேயே விளையாடலாம், நான் அப்படித்தான் விளையாடுகிறேன்.

மவுஸ் தள்ளி அழுத்துவது புது லப்டொப்புகளின் புள்ளிகள் நெருக்கமான திரையால் வருவது. விண்டோஸ் எல்லாவற்றையும் 150 வீதத்துக்குப் பெரிதாக்கி வைத்திருக்கும். ஐகனின் புரொப்பர்ட்டீஸ், கொம்பற்றிபிலிற்றி, உயர் டிபிஐ அமைப்பு. அங்கே அளவு மாற்றும் வேலையை அப்ளிகேஷனிடம் விடுங்கள்.

செட்டிங்ஸில் டைரக்ட்எக்ஸ் 10 முன்னோட்டம் என்ற பெட்டியில் குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். முன்னோட்டம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மினுக்கங்களில் பாதி அதால்தான்.

குறி 5: தத்தித் தத்தி ஓடுகிறது

"புதுக் கணினி, இவ்வளவு காசு குடுத்தது, 2006 விளையாட்டு தத்துது எண்டால் என்ன நியாயம்?" என்று கேட்பார்கள். நியாயம் இருக்கிறது. இந்த விளையாட்டு பெரும்பாலும் செயலியின் (சிபியு சிப்பின்) ஒரு கோரையே நம்பி ஓடுகிறது. எட்டுக் கோர் இருந்தாலும் மற்ற ஏழும் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு மாறாது. எங்கள் ஒன்றுவிட்ட அண்ணைக்கு ஒரு கடையில் விலையான கார்ட் ஒன்றை விற்றுவிட்டார்கள். ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. அவருடைய சிக்கல் விசிறியில் தூசி.

முதலில் ஒரு நிலையான சோதனை வையுங்கள். நான் விசிசிஜே என்ற விமான நிலையக் குறியீட்டைத் தேடிப் பலாலியை எடுப்பேன்: செஸ்னா 172, தெளிந்த வானம், நண்பகல், மேலே எழும்பி யாழ்ப்பாண நகரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இதே சுற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

*தொடக்கத்திலிருந்தே தத்துகிறது.* லப்டொப் என்றால் சார்ஜர் செருகியிருக்கிறதா பாருங்கள். கரண்ட் போய் பற்றரியில் ஓடும்போது கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ். அங்கே எஃப்எஸ்எக்ஸைச் சேர்த்து உயர் செயற்திறனைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லப்டொப்பில் விளையாட்டு சின்னதைப் பிடித்துக்கொண்டு ஓடுவது வழமை.

அப்புறம் விளையாட்டுக்குள். விநாடிக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் இலக்கை வரம்பில்லாமல் விடாமல் 30இல் பூட்டுங்கள். வானத்தில் மற்ற விமானங்களின் வீதத்தைக் குறையுங்கள். வீதி வாகனத்தைப் பூச்சியமாக்குங்கள், மேலிருந்து யார் பார்க்கப் போகிறார்கள். நீரின் தரத்தை ஒரு படி இறக்குங்கள். சுற்றிலும் கடலும் கடல்நீரேரியுமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் இது உடனே தெரியும். தரை மட்டும் மங்கலாக இருந்தாலும் அதே 30 பூட்டு உதவும்.

*இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தத்துகிறது.* சூடு. டாஸ்க் மனேஜரில் செயலியின் வேகத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் 3க்கு மேல் நின்ற கிகாஹேர்ட்ஸ் 1 சொச்சத்துக்கு இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். லப்டொப்பைக் கட்டிலில், மெத்தையில் வைக்காதீர்கள். பின்பக்கத்தை இரண்டு போத்தல் மூடியால் உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும். வலிகாமத்துச் செம்மண் தூசி விசிறிக்குள் களிம்பு போலப் படிகிறது, வீதியோரத்து வீடென்றால் இன்னும் மோசம். திறந்து துப்புரவாக்கித் தேர்மல் பேஸ்ட் மாற்றுவது கடைக்காரரின் வேலை. பற்றரி, மெல்லிய ரிப்பன் வயர் எல்லாம் உள்ளே இருக்கின்றன, பழக்கமில்லாமல் திறக்காதீர்கள். சித்திரை வெயிலுக்கு முன் செய்யுங்கள்.

குறி 6: ஜொய்ஸ்டிக் செத்துவிடுகிறது, அல்லது தானாகத் திருப்புகிறது

கொன்ட்ரோலையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். விளையாட்டில் ஜொய்ஸ்டிக்கை நிறுத்தித் தொடக்கும் குறுக்கு வழி அது. பிள்ளைகள் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். இதற்காக நான் ஒருமுறை இணுவிலுக்குப் போய் வந்திருக்கிறேன்.

சில நிமிடம் விட்டு விட்டுச் செத்தால் விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மனேஜரில் யூஎஸ்பி ஹப் ஒவ்வொன்றின் பவர் பக்கத்திலும் "மிச்சம் பிடிக்க இதை நிறுத்தலாம்" என்ற குறியை எடுங்கள். ஒரே ஓட்டையில் செருகிப் பழகுங்கள். ஓட்டை மாறினால் பொத்தான் அமைப்புகள் குழம்புவதுண்டு.

தானாக ஆடினால் கேம் கொன்ட்ரோலர் என்று தேடித் திறந்து கலிபிரேஷன் செய்யுங்கள். பிறகு விளையாட்டுக்குள் வெற்று வலயத்தை, அதாவது சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாத அளவை, கொஞ்சம் கூட்டுங்கள். அப்படியும் தானாக ஆடினால் உள்ளே அசைவை அளக்கும் பொட்டென்சியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. மலிவு ஜொய்ஸ்டிக் என்றால் பழுது பார்க்கும் கூலிக்குப் புதிது வாங்கலாம்.

குறி 7: சத்தம் இல்லை

கியூ எழுத்தை அழுத்துங்கள். அது இல்லையென்றால் விளையாட்டின் ஒலி அமைப்பில் எந்தச் சாதனம் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கழற்றிய ஹெட்செட்டுக்கு இன்னும் ஒலி அனுப்பிக்கொண்டிருக்கும்.

குறி 8: சேமித்த பறப்புகளைக் காணவில்லை

புது விண்டோஸ் டொக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைக் கேட்டுக் கேளாமல் ஒன்டிரைவ் என்ற மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்புக்குள் நகர்த்திவிடுகிறது. அங்கே தேடுங்கள், இருக்கும். திரும்ப வராமலிருக்க ஒன்டிரைவ் அமைப்பில் டொக்குமெண்ட்ஸ் காப்பை நிறுத்துங்கள்.

பழுது என்று நினைத்து என்னை அழைத்தவை

தட்டுப் பதிப்பில் முன்போல இணையக் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்து விளையாட முடியாது. அதை நடத்திய கேம்ஸ்பை சேவை 2014இல் மூடப்பட்டுவிட்டது. ஸ்டீம் பதிப்பில் ஸ்டீம் வழியாக முடியும்.

பலாலியில் இறங்கினால் முனையத்தைக் காணவில்லை என்பார்கள். சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 ஒக்டோபரில். 2006இல் தட்டில் அடித்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அதே காரணத்துக்காக உங்கள் வீட்டையும் தேடாதீர்கள்.

செஸ்னா ஓடுபாதையில் இடது பக்கம் இழுக்கிறது என்று ஜொய்ஸ்டிக்கைக் கழற்றியவர் ஒருவர் இருக்கிறார். செஸ்னா போன்ற ஒற்றை இயந்திர விமானம் இயந்திரத்தை முழு விசையில் ஓட்டும்போது இடது பக்கம்தான் இழுக்கும். வலது ரடரை (வால் சுக்கானை) மெல்ல மிதியுங்கள். மாமாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டார். இவ்வளவு நாளும் அவருடைய விளையாட்டு ஓடுபாதை வரைக்கும் வந்ததில்லையே.